இண்டக்‌ஷன் அடுப்பு: புது ஐஜிபிடி மாட்டியும் மறுபடி வெடிக்கிறதா?

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் தீப்பெட்டி உரசாது, உப்பு ஜாடி நீர் விடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் ஈரக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். அப்படி ஒரு ஜூலை இரவில் எங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு 'டப்' என்ற சத்தத்தோடு நின்றது. உத்தரவாதம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சேவை மையத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலுக்கு போர்டு வருவதில்லை, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022இல் ஒரு குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. அதன் பட்டியலில் வீட்டு உபயோகப் பொருள்களும் உண்டு. எனக்கு வேண்டியிருந்ததோ மறுநாள் காலைக் கஞ்சிக்கு ஓர் அடுப்பு. நானே திறந்தேன். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்தான் ஐஜிபிடி. அதில் இரண்டைப் பலி கொடுத்த பிறகுதான் சரியான வழி பிடிபட்டது. உங்களுக்கு ஒன்றுகூட வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திறக்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். அடித்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, காயில், விசிறி, பட்டன் பலகை ஆகியவற்றின் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் பெரிய கட்டியாக நிற்கும் 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரு வயர்களையும் அதன் கால்களில் சில விநாடி வைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்குங்கள். பிறகு மல்டிமீட்டரில் அளந்து, பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டு கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவதை நான் ஏற்பதில்லை. தீப்பொறி போர்டின் செப்புத் தடத்தையே பெயர்த்துவிடும்.

என்ன போயிருக்கிறது?

மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் ஐஜிபிடியும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஸ்க்ரூ போட்டு நிற்கும் மூன்று கால் கறுப்புப் பொருள்தான் ஐஜிபிடி. எழுத்து நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், கலெக்டர், எமிட்டர். எந்த இரு கால்களுக்கு இடையிலும் பீப் ஒலி வரக்கூடாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு திசையில் மட்டும் டயோடு அளவு காட்டினால் அது இயல்பு. உள்ளே ஒரு டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) இருக்கிறது. பக்கத்தில் நான்கு காலோடு நிற்கும், ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் அதே போலப் பாருங்கள்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறக் குட்டி மீட்டர் இந்த வேலைக்குப் போதாது. கெப்பாசிட்டர் அளக்கும் வசதி உள்ளதாகவே வாங்குங்கள். காயிலோடு சேர்ந்த 0.27 அல்லது 0.3 மைக்ரோஃபாரட், 1200 வோல்ட் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தாக வேண்டும். அதன் அளவு குறைந்திருந்தால் எந்தப் புது ஐஜிபிடியும் நிலைக்காது.

நான் இரண்டு முறை தோற்ற இடம்

தென்காசியில் உதிரிபாகக் கடை அண்ணாச்சி அன்றே எச்சரித்தார்: "தம்பி, இதை மட்டும் மாற்றினால் நாளைக்கும் இங்கேதான் வரவேண்டியிருக்கும்." நான் கேட்கவில்லை. எச்20ஆர்1203 என்ற எண்ணுள்ள ஐஜிபிடி ஒன்றும் ஃப்யூஸும் மாட்டி நேராக பிளக்கில் செருகினேன். வெடித்தது. ஐஜிபிடி போலியோ என்று நினைத்து வேறு கடையில் ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் வெடித்தது.

காரணம் இதுதான். ஐஜிபிடி ஷார்ட் ஆகும்போது கலெக்டரின் உயர் அழுத்தம் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து, அதை இயக்கும் இரண்டு சிறு டிரான்சிஸ்டர்களையும் 18 வோல்ட் ஜீனரையும் (வோல்ட் அளவு மீறாமல் காக்கும் டயோடு) கொன்றுவிடுகிறது. அவற்றுள் ஒன்று ஷார்ட்டாகி நின்றால் கேட்டுக்கு 18 வோல்ட் நிரந்தரமாகப் போகும். புது ஐஜிபிடி மின்சாரம் வந்த கணத்திலேயே முழுதாக ஆன் ஆகிச் சாகும்.

ஆகவே புதியதை மாட்டுவதற்கு முன்பே போர்டைச் சோதிக்க வேண்டும்:

1. 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் வயரில் சீரிஸாக இணைத்து ஒரு சோதனைப் பெட்டி செய்யுங்கள்.

2. பழைய ஐஜிபிடியைக் கழற்றி, ஃப்யூஸை மட்டும் மாற்றி, விசிறியையும் பட்டன் பலகையையும் இணையுங்கள். மீட்டரின் கறுப்புக் கிளிப்பை எமிட்டர் துளையிலும் சிவப்பை கேட் துளையிலும் மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள். இந்த போர்டின் கிரவுண்டும் ஹீட்சிங்கும் மின்சாரம் பாய்பவை, எர்த் அல்ல. காலில் ரப்பர் செருப்பு, கீழே உலர்ந்த பலகை, பக்கத்தில் ஸ்விட்சை அணைக்கத் தெரிந்த ஓர் ஆள், மூன்றும் வேண்டும்.

3. பல்ப் ஒரு மின்னு மின்னி அணைய வேண்டும். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் பிரிட்ஜிலோ வேறெங்கோ ஷார்ட் இருக்கிறது. பட்டன் எதையும் தொடாத நிலையில் கேட்டில் பூஜ்யம் காட்ட வேண்டும். 18 காட்டினால் டிரான்சிஸ்டர்களையும் ஜீனரையும் மாற்றுங்கள்.

எனக்குப் 18 காட்டியது. அந்தச் சிறு டிரான்சிஸ்டர்களின் விலையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒரு தேநீர்க் காசுகூட ஆகவில்லை.

மாட்டுவது

சோல்டரிங் அயர்ன் 60 வாட்டாவது இருக்கட்டும். அகலமான செப்புத் தடங்கள் 25 வாட் சூட்டைக் குடித்துவிடும். ஹீட்சிங்கில் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, முதலில் ஸ்க்ரூவை இறுக்குங்கள், பிறகு கால்களைப் பற்றவையுங்கள். மாற்றிச் செய்தால் கால்கள் இழுபட்டு நாளடைவில் சோல்டர் விரிசல் விடும். மீண்டும் சீரிஸ் பல்பில் போட்டுப் பாருங்கள். பல்ப் இருக்கும்போது பாத்திரம் வைக்கக் கூடாது. எல்லாம் சரியென்றால் மூடி, பல்பை நீக்கி, ஒரு செம்பு தண்ணீர் வைத்துக் குறைந்த சூட்டில் தொடங்குங்கள்.

போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி உலர்த்தாமல் மூடாதீர்கள். என் போர்டில் எறும்புகள் ஐஜிபிடியின் கால்களுக்கு இடையே கூடு கட்டியிருந்தன. சாரல் ஈரமும் அதுவும் சேர்ந்ததுதான் முதல் வெடிப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பின்சேர்க்கை 1: குண்டு பல்ப் கிடைக்காததால் எல்இடி பல்பைச் சீரிஸில் போட்டதாகப் புளியரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது வேலைக்கு ஆகாது, இழை பல்ப்தான் வேண்டும். இஸ்திரிப் பெட்டியும் கூடாது. அது விடும் நான்கு ஆம்பியர் ஐஜிபிடியைக் காப்பாற்றாது.

பின்சேர்க்கை 2: எல்லாம் சரியான பிறகும் "பாத்திரம் இல்லை" என்றே பீப் அடிக்கிறது என்று புனலூரிலிருந்து அத்தை போனில் சொன்னார்கள். முதலில் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன், ஒட்டியது. ஐஜிபிடி கலெக்டரிலிருந்து கட்டுப்பாட்டுச் சிப்புக்குப் போகும் சில லட்சம் ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று உள்ளே முற்றிலும் அறுந்து போயிருந்தது. வெளியே எந்தக் கருகலும் தெரியாது. ஒரு காலைத் தூக்கி அளந்தால்தான் தெரியும். அதே ஓம், அதே வாட் உள்ளதை மாட்டியதும் அடுப்பு எரிந்தது.