படத்தின் ஓரத்தில் நிழல் பட்டை: சாஃப்ட்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள்

பிரிட்டனின் புகைப்படச் சங்கமான ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் எல்.ஆர்.பி.எஸ். என்ற முதல் நிலைத் தகுதிக்கு 10 படங்கள் தேவை. அதற்காக எடுத்த போர்ட்ரெய்ட்களில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தவற்றில் மட்டும் ஒரு ஓரம் இருண்டது. மூன்று நாள் வீண்.

ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை நகர்த்தினேன், லென்ஸ் ஹூடைக் கழற்றினேன், கேமராவிலிருந்து ஃபிளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ டிரிக்கரின் பேட்டரியை மாற்றினேன். பலனில்லை. லைட்ரூம் மென்பொருளில் விக்னெட் (ஓர இருட்டு) திருத்தம் போட்டால் நன்றாக இருந்த மூலைகளும் வெளுத்தன.

பிறகுதான் கவனித்தேன்: கிடைமட்டப் படங்களிலும் பட்டை இருந்தது. கீழே, கறுப்புச் சட்டையோடு கலந்து கண்ணில் படவில்லை. கேமராவோடு பட்டையும் திரும்பினால் அது ஷட்டர் திரையின் நிழல் (சென்சாரை முதல் திரை திறக்கும், இரண்டாம் திரை மூடும்). ஜன்னல் வெளிச்சம் கலந்ததால் கறுப்பாக விழாமல் சாம்பலாக விழுந்து ஏமாற்றியது.

கேமராவின் ஃபிளாஷ் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷ் வெளிச்சம் படம் முழுக்க விழும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200 நொடி. நான் வைத்ததும் அதேதான். ஆனால் ரேடியோ டிரிக்கர் துளி தாமதிக்கிறது. ஃபிளாஷ் அடிப்பதற்குள் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடுகிறது. 1/160க்கு இறக்கியதும் பட்டை போனது. இப்போது 1/125இல்தான் எடுக்கிறேன்.

புது டிரிக்கர் வாங்கினால் அறையை இருட்டாக்கி, வெள்ளைச் சுவரை 1/250, 1/200, 1/160, 1/125 என வரிசையாக எடுத்து, எதில் பட்டை மறைகிறது என்று பாருங்கள். ஃபிளாஷை முழு பவரில் வைத்தும் ஒருமுறை.