பானட் லோகோவைக் கழற்றும்போது பெயிண்டைக் கெடுக்கும் தவறுகள்

காரின் பானட்டில் இருக்கும் லோகோவை எடுக்க வேண்டும் என்றதும் பலருக்குக் கை ஸ்க்ரூ டிரைவருக்குத்தான் போகும். நெம்பினால் லோகோ வரும், கூடவே பெயிண்டும் வரும். நிறத்துக்கு மேலே அடித்திருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவரும் ஸ்க்ரூ டிரைவர்தான்.

அதற்கும் முந்தைய தவறு, பானட்டைத் திறந்து அடிப்பக்கம் பார்க்காமலே ஆரம்பிப்பது. சில லோகோக்கள் வெறும் டபுள் சைடு டேப்பில் நிற்கும். சிலவற்றுக்குப் பின்னால் ஊசி போன்ற கால்கள் இருக்கும். அவை தகரத்தைத் துளைத்து உள்ளே போய் கிளிப்பிலோ சின்ன நட்டிலோ மாட்டியிருக்கும். அதைக் கழற்றாமல் இழுத்தால் தகரம் நெளியும். எடுத்த பிறகும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். லோகோ இல்லாத மொழு மொழு பானட்தான் வேண்டும் என்றால், ஓட்டையை அடைத்து பெயிண்ட் அடிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டேப் மட்டும்தான் என்றால் வேலை சுலபம். லோகோவைச் சுற்றி நன்றாகக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண்தான் பின்னால் கீறல் போடும். அப்புறம் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். ஹீட் கன் வேண்டாம். அதில் 500 டிகிரிகூட வரும், கம்பெனி பெயிண்டையே சுமார் 140 டிகிரியில்தான் சுட்டு எடுக்கிறார்கள். விரலை வைத்தால் சுட வேண்டும், ஆனால் கை வெடுக்கென்று பின்வாங்கக் கூடாது. அதுதான் அளவு.

இப்போது மீன்பிடிக்கும் தூண்டில் நரம்பை டேப்புக்கு நடுவே நுழைத்து, ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள். பெயிண்டோடு உரசாமல் லோகோவின் பக்கமாகவே போக வேண்டும். டேப்பில் இருக்கும் ஸ்பாஞ்ச் துகள் துகளாக உதிரும். நரம்பு இறுகினால் பலம் காட்டாதீர்கள், இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்கள். லோகோ மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்தால், திடீரென்று விடுபட்டுச் சறுக்கி பானட்டைக் கீறாது.

லோகோ வந்ததும் வேலை முடிந்தது என்ற நினைப்பில்தான் அதிக சேதம் நடக்கிறது. மிச்சப் பசையை பிளேடால் சுரண்டுகிறார்கள், இல்லையென்றால் தின்னர் ஊற்றுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் மறுபடி பெயிண்ட் அடித்த பானட் என்றால் தின்னர் பட்டதும் இளகிவிடும். லேசாகச் சூடாக்கிக் கட்டை விரலால் தேய்த்தால் பசை சுருண்டு சுருண்டு வரும். மீதிக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டு வைத்துத் துடைத்து, ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். அந்த நேரத்தில் டிரையர் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.

பழைய வண்டியில், முக்கியமாகச் சிவப்பில், லோகோ இருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரியும். அது கறை இல்லை, சுற்றிலும் இருப்பதுதான் வெயிலில் மங்கியிருக்கிறது. அந்த இடத்தையே தேய்த்துப் பயனில்லை. பானட் முழுவதையும் மெல்லிய காம்பவுண்டால் (பெயிண்டை மெருகேற்றும் பேஸ்ட்) பாலிஷ் செய்தால் வித்தியாசம் ஓரளவு குறையும்.