டிசைனராக முதல் வேலை: சம்பளத்தைக் கணக்கிடுவதும் இடத்தைத் தேர்வதும்

விஸ்காம் அல்லது நுண்கலை படித்து முடித்து, சென்னையிலோ கோவையிலோ முதல் டிசைனர் வேலைக்கு அழைப்பு பெற்றவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், ஆண்டுக்கு மூன்று லட்சம் என்பது போன்ற ஒரு தொகையைத்தான் பெரும்பாலும் சொல்கிறார். அது நிறுவனம் அவர் பெயரில் எழுதிக்கொள்ளும் மொத்தச் செலவு. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து சேரும் பணம் அன்று. ஆகவே நியமனக் கடிதம் கைக்கு வந்ததும், சி.டி.சி. எனப்படும் அந்தத் தொகையை முதலில் பிரித்துப் பாருங்கள்.

3,00,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 25,000. அதில் பாதியான 12,500 அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பங்கு அதில் 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய். பணியிலிருந்து விலகும்போது மொத்தமாகத் தரப்படும் பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) ஒதுக்குவது 4.81 சதவீதம், ஏறத்தாழ 600 ரூபாய். இவ்விரண்டும் போக மிஞ்சும் 22,900 ரூபாயிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,500 ரூபாயும் பிடிக்கப்படும். கையில் வருவது 21,400 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போகும் தொழில் வரி தனி. பி.எஃப். பணம் உங்களுடையதுதான், பின்னால் கிடைக்கும். பணிக்கொடையோ நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர் பணிக்குப் பிறகே உரிமையாகும் என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே வேறிடம் போகப்போகிறவர் அதைச் சம்பளமாக எண்ணிக்கொள்வதில் பொருளில்லை. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும், செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் தொகையும் சி.டி.சி.க்குள் அடங்கியிருந்தால் கையில் வருவது இன்னும் குறையும். கணக்குப் போட்டும் தெளியவில்லையென்றால், மனிதவளப் பிரிவினரிடம் "மாதந்தோறும் என் கணக்கில் எவ்வளவு வரும்?" என்று நேராகக் கேட்டுவிடலாம்; இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, உங்கள் கீழ்வரம்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுக்கு அனுப்பும் பணம், கல்விக் கடன் தவணை ஆகியவற்றைக் கூட்டினால் வரும் தொகை அது. சொந்த மடிக்கணினியில் வேலை செய்யச் சொல்கிறார்களா, மென்பொருள் உரிமத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதையும் இதற்குள் சேர்க்க வேண்டும். இந்த வரம்புக்குக் கீழே தரும் வேலையை, அனுபவம் கிடைக்குமே என்று ஏற்றுக்கொள்பவர் ஆறு மாதத்தில் கடனோடு விலகுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

வரம்பைத் தாண்டிய வேலைகள் இரண்டோ மூன்றோ கையில் இருந்தால், சம்பள வித்தியாசத்தைக் காட்டிலும் உங்கள் வேலையை யார் திருத்தப்போகிறார் என்பதைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. நேர்முகத் தேர்வின் முடிவில் "ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது, புதிதாகச் சேர்பவரின் வேலையை முதலில் பார்ப்பது யார், அவர் டிசைனரா, ஒரு நாளில் எத்தனை டிசைன் முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனங்கள் சிலவற்றில் ஒரே நாளில் எட்டு, பத்து போஸ்டர் கேட்பார்கள். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, நடுவில் உலக யானைகள் தினம் என்று ஆண்டு ஓடிவிடும். கை வேகம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் ஏன் இந்த எழுத்துரு, ஏன் இந்த இடைவெளி என்று கேட்க அங்கே எவருக்கும் நேரம் இராது. சொந்தமாகச் செயலியோ இணையச் சேவையோ நடத்தும் நிறுவனத்தில் ஒரே பொருளின் மீது மாதக்கணக்கில் உழைக்க நேரும்; பயனர் எங்கே தடுமாறுகிறார் என்பதைக் கண்ணால் பார்க்க அங்கேதான் வாய்க்கும்.

பலரும் தாழ்வாக எண்ணும் அச்சுத் துறையையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆடிப்பெருக்கு நாளிலேயே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் சிவகாசியில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு, திரையில் பளிச்சென்று தெரியும் நீலம் தாளில் ஏன் மங்குகிறது, வெட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும் என்பவை சொல்லித்தராமலே தெரியும். தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்தாலும் அது பேரத்தில் உதவும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய பாமினி எழுத்துருவில் வந்த உரையை யூனிகோடுக்கு மாற்றாமல் இணையத்தில் இட முடியாது. இவற்றை அறிந்தவர் என்பதை போர்ட்ஃபோலியோவில் இரண்டு தமிழ் வேலைகள் வழியே காட்டிவிட்டு, அதன் பிறகு சம்பளம் பேசுங்கள். தொகையை உயர்த்த முடியாது என்றால், ஆறு மாதத்தில் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படும் என்று கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்கலாம். வாய்மொழி உறுதியை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் மூன்று பகுதிகளை நிதானமாகப் படியுங்கள். இத்தனை ஆண்டு கட்டாயம் பணியாற்ற வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்னும் பாண்டை வெற்றுக் காகிதமென்று எண்ணிவிடாதீர்கள். 2025இல் ஒரு பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கில் அத்தகைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. வேலையை விட்ட பின்னும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையோ, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். மூன்றாவது, பதிப்புரிமை: 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியின் பகுதியாகச் செய்த டிசைன் நிறுவனத்துக்கே உரியது. அதைப் போர்ட்ஃபோலியோவில் காட்ட, பணியில் இருக்கும்போதே மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விலகிய பிறகு கேட்டால் பதிலே வராமல் போகலாம்.

வெளியே தனியாக வேலை எடுக்க நினைப்பவர், நியமனக் கடிதம் அதைத் தடுக்கிறதா என்று பார்த்துவிட்டு, போஸ்டர் கணக்கில் அல்லாமல் நாள் கணக்கில் விலை வைப்பது நல்லது. முழுநேரமாக அதையே செய்து மாதம் 22,000 ரூபாய் வேண்டும், கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் 6,000 ஆகும், கூலி கிடைக்கும் நாட்கள் 12 என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,350 ரூபாய் கேட்க வேண்டியிருக்கும். மற்ற நாட்கள் வாடிக்கையாளரைத் தேடுவதிலும், பணத்துக்கு நினைவூட்டுவதிலும் கழிந்துவிடும். பாதித் தொகையை முன்பணமாகப் பெறுங்கள். எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதையும், மூலக் கோப்புக்குத் தனி விலை உண்டா என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டால், 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு நிறுவனச் சட்டப்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலைக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டிய கடமை வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. பதிவு எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்.