கிரேடட் ரீடர் கதைகளோடு ஆங்கில வாசிப்பைத் தொடங்குவது எப்படி?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பலர் நேராக ஒரு முழு நாவலைக் கையில் எடுத்து, வரிக்கு வரி அகராதியைப் புரட்டி, சில பக்கங்களிலேயே சோர்ந்து மூடிவைத்து விடுகிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவை, சொற்களும் இலக்கணமும் அளவோடு பயன்படுத்தி எழுதப்பட்ட கிரேடட் ரீடர் கதைகள். 1920களில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கான வாசிப்பு நூல்களில், தீவைக் குறிக்கும் 'ஐல்' போன்ற வழக்கொழிந்த இலக்கியச் சொற்களை நீக்கி, 'ஐலண்ட்' போன்ற அன்றாடச் சொற்களை வைத்தார். இன்றைய கிரேடட் ரீடர் நூல் வரிசைகளுக்கு அவருடைய பணி முன்னோடி.

முதல் படி: நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் ஸ்டார்ட்டர் நிலைக்கு 250 தலைச்சொற்கள் (அந்த நிலை நூல்களில் பயன்படும் அடிப்படைச் சொற்கள்), முதல் நிலைக்கு 400, இரண்டாம் நிலைக்கு 700, ஆறாம் நிலைக்கு 2,500. கோ, கோயிங், வென்ட் எல்லாம் ஒரே தலைச்சொல்லாகவே எண்ணப்படும். நிலைகளின் அளவு பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறுவதால், நிலை எண்ணைவிடத் தலைச்சொற்களின் எண்ணிக்கையையே பாருங்கள். பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்களும் 400 தலைச்சொல் நூலில் தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: ஒரு பக்கச் சோதனை. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நூலின் நடுவிலிருந்து ஏறத்தாழ 100 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படித்து, தெரியாத சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். இரண்டுக்குள் இருந்தால் அந்த நூல் உங்களுக்கு ஏற்றது. ஐந்தாறு வந்தால், கதை எவ்வளவு ஈர்த்தாலும், ஒரு நிலை கீழே இறங்குங்கள். ஒரு கதையைப் பிறர் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழிக் கற்றல் ஆய்வாளர்கள் ஹூ, பால் நேஷன் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் முடிவு.

மூன்றாம் படி: அகராதியை ஒதுக்கி வைத்துப் படியுங்கள். 'இட் வாஸ் டார்க், ஸோ ஷி டுக் எ லேன்டர்ன்' என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல் தெரியாவிட்டாலும், இருட்டுக்காக எடுத்துச் செல்வது விளக்காகத்தான் இருக்கும் என்பது முன்பகுதியிலிருந்தே விளங்கிவிடும். அதே சொல் நான்கைந்து இடங்களில் திரும்ப வந்தும் பிடிபடாவிட்டால் மட்டும், அத்தியாயம் முடிந்தபின் பொருளைத் தேடுங்கள். ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்க வேண்டாம். அது வேகத்தைக் குறைத்து, கதையின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: ஒலிப்பதிவு கிடைத்தால், படித்து முடித்த அத்தியாயத்தை நூலைப் பார்த்தபடியே கேளுங்கள்.

ஐந்தாம் படி: அவசரப்பட்டு நிலை உயராதீர்கள். கற்ற சொற்கள் மறக்குமுன் மீண்டும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, வாரம் ஒரு நூல், நிலைக்குக் குறைந்தது ஐந்து நூல்கள் என்ற அளவை நேஷன் பரிந்துரைக்கிறார். ஐந்தாவதை முடித்தபின், அடுத்த நிலை நூலொன்றில் அதே பக்கச் சோதனையைச் செய்து பார்த்து, அதில் தேறினால் மட்டும் மேலே செல்லுங்கள்.