வைக்கோலைச் சீராகப் பரப்ப, அறுவடை வண்டியில் எதைப் பொருத்துவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசன வயலுக்கு வரும் பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் அறுக்கும். வைக்கோலை மட்டும் பின்னால் ஒரு மீட்டருக்குள் வரிசையாகக் கொட்டிக்கொண்டு போகும். மாட்டுக்கு வைக்கோலை உருளையாகக் கட்டுவதென்றால் அந்த வரிசைதான் வேண்டும். நறுக்கிப் பரப்பிய தாளைக் கட்டும் இயந்திரம் பொறுக்காது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்ப்பவரிடம் போய்ப் பரப்பச் சொன்னால் அடிக்க வருவார். அதனால் எதை வாங்கினாலும், வேண்டாத வயலில் அதை ஓடாமல் நிறுத்தி வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பரப்பும் கருவி இரண்டு வகை. எதிரெதிராகச் சுழலும் இரட்டைத் தட்டு வைக்கோலை வீசும், நறுக்காது. எஞ்சினுக்கு இழுவை குறைவு. நீளத் தாள் வந்தால் கொத்துக் கொத்தாக விழும். மற்றது, சுழலும் கத்தியால் நறுக்கி, திசைத் தகடுகளால் விரிப்பது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய சூப்பர் எஸ்.எம்.எஸ். (வைக்கோல் மேலாண்மைக் கருவி) இந்த வகைதான். அது பெரிய டயர் வண்டிக்கானது. எஞ்சினில் மிச்சச் சக்தி இல்லாத சின்ன வண்டியில் நறுக்கியை மாட்டினால் கதிரடிக்கும் உருளையின் வேகம் குறைந்து, நெல் வைக்கோலோடு வெளியேறும்.

விற்பவர் சொல்லும் வீச்சு அகலத்தை நம்ப வேண்டாம், எடை போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 2 டன் நெல் விளைந்தால் வைக்கோலும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒட்ட அறுத்தால் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ விழ வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வண்டித் தடத்தின் நடுவிலும் இரு ஓரத்திலும் வைத்து, உள்ளே கிடப்பதை அள்ளி நிறுங்கள். நடுவில் 700 கிராம், ஓரங்களில் 300 என்றால் தகடுகளை வெளிப்பக்கம் திருப்புங்கள். பக்கக்காற்று அடித்தால் காற்று வரும் பக்கத்துத் தகட்டை இன்னும் கொஞ்சம் விரித்தால் போதும். சீராக்காமல் விட்டால், தடித்துக் கிடக்கும் இடத்தில் உழும்போது வைக்கோல் ரோட்டவேட்டரில் (சுழல் கலப்பையில்) சுற்றும். மடக்கி உழுதாலும், மட்கும் வைக்கோல் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் அடுத்த பயிர் அந்த வரிசையில் மட்டும் மஞ்சளாகும்.

பனி ஈரத்தோடு அறுத்தால் தாள் கத்தி உருளையில் சுற்றிக்கொள்ளும், வெயில் ஏறட்டும். துண்டுகள் நீளமாக வந்தால் நறுக்கியை ஓட்டும் பெல்ட்டின் தொய்வையும் கத்தி முனையையும் பாருங்கள். ஒரு கத்தி உடைந்தால் எதிர்ப்பக்கத்துக் கத்தியையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒற்றையாக மாற்றினால் எடை சமன் கெட்டு அதிரும், பேரிங் போய்விடும். அடைப்பை எடுக்க எஞ்சினை அணைத்து, உருளை முழுதாக நின்றபின்தான் கை வைக்க வேண்டும்.