வெளிநாட்டில் ஆங்கிலம் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுக்குப் போய்விட்டால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முதுநிலைப் படிப்புக்காக இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஓராண்டு தங்கியிருந்தபோது, அது எவ்வளவு தவறானது என்பதை நேரில் கண்டேன். நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம், ஐவரும் தமிழர். சமையலறையில் தமிழ், வகுப்புக்குப் போகும் பேருந்தில் தமிழ், வார இறுதியில் மளிகை வாங்கப் போகும்போதும் தமிழ். வகுப்பில் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தோம்; கடையில் இயந்திரத்தில் பணம் செலுத்திவிட்டு வெளியே வந்தோம். நாள் முழுவதும் ஆங்கிலம் எங்களைச் சுற்றி ஒலித்தது என்றாலும், நாங்கள் வாய் திறந்து பேசியது பத்து வாக்கியம்கூட இராது.

தமிழ் நண்பர்களை விட்டு விலக வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. காய்ச்சலில் படுத்திருக்கும்போது ரசம் வைத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தாம். குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அந்தத் துணை மிகவும் தேவை. ஆனால் வாரத்தில் ஓரிரு நாளாவது, ஆங்கிலம் பேசாமல் காரியம் நடக்காத ஓர் இடத்தில், அதே மனிதர்களோடு மீண்டும் மீண்டும் பழகும்படி ஓர் ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். பகுதிநேர வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் இதைக் கருதுவதே இல்லை. பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்பு, முதுநிலைப் படிப்புப் படிப்பவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த 20 மணி நேரத்தையும் யாரும் யாரோடும் பேசாத கிடங்கின் இரவுப் பணியில் கழித்துவிட்டு, ஓராண்டு முடிந்தும் பேச்சு வரவில்லையே என்று வருந்தியவர்கள் என் வகுப்பிலேயே பலர் இருந்தனர். கடன் நெருக்கடி அப்படிப்பட்டது என்பதை அறிவேன். ஆயினும் ஊதியத்தில் சிறிய வேறுபாடே இருக்குமானால், ஆட்கள் வந்து போகும் உணவகத்தையோ கடையையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

தேர்வு மதிப்பெண்ணை மொழித்திறனாகக் கருதிவிடுவது இன்னொரு தவறு. வெளிநாட்டில் படிக்கச் செல்வோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்களில் முடிந்துவிடும். தேர்வாளர் தெளிவாகப் பேசுவார். கேள்விகள் எப்படிப்பட்டவை என்பது முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருக்கும். தெருவில் அப்படியில்லை. நாட்டிங்காமில் நான் ஏறிய முதல் பேருந்தின் ஓட்டுநர் 'ஆல்ரைட், மீ டக்?' என்றார். உடல்நலத்தைத்தான் கேட்கிறாரோ என்று எண்ணி, பயணக் களைப்பைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். 'டக்' என்பது அந்த வட்டாரத்தில் அன்பாக விளிக்கும் சொல் என்பதும், 'ஆல்ரைட்' என்பது விசாரிப்பு அல்ல, வெறும் வணக்கம் என்பதும், 'ஆல்ரைட்' என்று திருப்பிச் சொன்னாலே போதும் என்பதும் பிறகுதான் தெரிந்தன. இவற்றைப் பயிற்சி மையத்தில் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஊர் மக்கள் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன சொல்கிறார்கள் என்று முதல் ஒரு வாரம் கவனித்துக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

உச்சரிப்பைக் குறித்த அச்சம் பலரை வாயே திறக்கவிடாமல் செய்கிறது. சிலரை நேர்மாறாக, வெள்ளையர் போலவே பேசிவிட வேண்டும் என்ற பாவனைக்குத் தள்ளுகிறது. காந்தியடிகள் 1888இல் சட்டம் படிக்க லண்டன் போனபோது இந்த இரண்டாவது வலையில் விழுந்தார். ஆங்கிலக் கனவானாக வேண்டும் என்று நடன வகுப்பில் சேர்ந்தார், வயலின் வாங்கினார், பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். ஏறத்தாழ மூன்று மாதம் இந்த மோகம் நீடித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய ஆங்கிலத்துக்கு வழி திறந்தது வேறோர் இடத்தில். சைவ உணவில் அவருக்கு இருந்த பற்று அவரை லண்டன் சைவ உணவாளர் சங்கத்துக்கு அழைத்துச் சென்றது. அதன் செயற்குழுவில் இடம்பெற்றார். 1891இல் 'தி வெஜிடேரியன்' என்ற வார இதழில் இந்தியர்களின் உணவையும் பண்டிகைகளையும் பற்றித் தொடர்ந்து எழுதினார். சொல்வதற்கு ஒரு செய்தியும் கேட்பதற்கு ஆட்களும் இருந்த இடத்தில்தான் அவருக்கு மொழி வசப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

உச்சரிப்பில் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் பை என்று பொருள்படும் 'பேக்', கட்டுதல் என்று பொருள்படும் 'பேக்' இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் தொடக்க ஒலியும் வேறு, இறுதி ஒலியும் வேறு. சொல்லின் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பது அதைவிட முக்கியம். 'போட்டோகிராஃப்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'போட்டோகிராஃபர்' என்றவுடன் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. தமிழில் போல எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் ஒலித்தால் கேட்பவர் தடுமாறுவார். இவற்றைச் சரிசெய்துகொண்டால் போதும். குரலில் மீதமிருக்கும் தமிழ்ச் சாயலுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

புரியாதபோது புரிந்ததுபோல் தலையசைப்பது பெரிய இழப்பைத் தரும். என் ஆய்வேட்டின் முதல் வரைவைப் படித்த வழிகாட்டி, 'குயிட் குட்' என்று சொல்லிவிட்டு, இரண்டாம் இயலை நீங்கள் இன்னொரு முறை பார்க்க விரும்பலாம் என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'குயிட்' என்ற சொல் பெரும்பாலும் பாராட்டைக் குறைத்துக் காட்டும். 'விரும்பலாம்' என்று அவர் சொன்னது, கட்டாயம் திருத்த வேண்டும் என்பதற்கு அவர்கள் கையாளும் மென்மையான வடிவம். அன்றே, 'நீங்கள் சொல்வது அந்த இயலை மாற்றி எழுத வேண்டும் என்பதா?' என்று திருப்பிக் கேட்டிருந்தால் அவர் தெளிவாகச் சொல்லியிருப்பார்.

எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்வதிலும் கவனம் வேண்டும். 'இன்னும் முடிக்கலையா?' என்றால் நாம் 'ஆமா, முடிக்கல' என்போம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வேலை முடிந்துவிட்டது என்று மேலாளர் எடுத்துக்கொள்வார். 'நோ, ஐ ஹேவண்ட்' என்று முழுமையாகச் சொல்லிப் பழகுவது பாதுகாப்பானது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பாதித்தது மரியாதையைப் பற்றியது. எங்கள் வீட்டில் மூத்தவரான, திண்டுக்கல் பக்கத்து அண்ணன் ஒருவர், வயதில் இளைய எங்களையும் வாங்க, போங்க என்றே அழைப்பவர். அவர் தினமும் காலையில் தெருமுனைத் தேநீர்க் கடையில் 'கிவ் மீ ஒன் டீ' என்று கேட்பார். கடைக்காரப் பெண்மணி பேசாமல் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று அண்ணன் மனம் நொந்தார். நிறத்தைப் பார்த்து நடத்துபவர்கள் அங்கே உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே நடந்தது வேறு. 'ஒரு டீ கொடுங்க' என்பதில் நம் மரியாதை முழுவதும் அந்த 'ங்க'வில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடமே இல்லை. ஆகவே மொழிமாற்றும்போது மரியாதை உதிர்ந்து, கட்டளை மட்டும் எஞ்சுகிறது. அங்கே மரியாதையைக் கேள்வி வடிவத்திலும், 'முடியுமா' என்று பொருள்படும் 'குட்' என்ற துணைவினையிலும், 'ப்ளீஸ்' என்ற சொல்லிலும் வைக்கிறார்கள்.

'குட் ஐ ஹேவ் எ டீ, ப்ளீஸ்?' என்று அண்ணன் கேட்கத் தொடங்கிய சில நாள்களில் அந்தப் பெண்மணி வானிலையைப் பற்றிப் பேசினார்; பிறகு ஊரைப் பற்றிக் கேட்டார். ஜனவரியில் பொங்கலன்று அண்ணன் ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தார். வெல்லத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அந்தப் பெண்மணிக்குத் தெரியவில்லை. எனவே கரும்பை ஆட்டிச் சாறு எடுப்பதில் தொடங்கி, கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்து, அச்சில் ஊற்றுவது வரை அண்ணன் ஆங்கிலத்திலேயே விளக்க வேண்டியிருந்தது. முதல் வகுப்புக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்.