மான் வேட்டையில் பக்கத்து ஆளோடு தகராறு வராமல் இருக்க: விஸ்கான்சினில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன், நவம்பரின் நான்காவது வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். மொத்தம் 9 நாள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்குகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது முதல் நாள் விடியும்போதே காட்டுக்குள் இருந்தாக வேண்டும். குறி பார்ப்பதற்கும் மானை உரிப்பதற்கும் ஆயிரம் வீடியோ கிடைக்கிறது. நீங்கள் பார்த்துவைத்த மரத்தடியில் அன்று காலை வேறொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

இங்கே பிறந்தவர்களுக்கு அதை அப்பாவோ மாமாவோ சொல்லித் தந்திருப்பார்கள். நமக்கு அந்த வழி இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் வேட்டையை ஏறக்குறைய அடியோடு நிறுத்திவிட்டன. அதனால் இந்தப் பதிவு. சண்டை நவம்பரில்தான் வெடிக்கும், ஆனால் அதற்கான காரணம் கோடையில் செய்யாமல் விட்ட வேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எனவே ஜூலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1. காகிதங்கள்

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் விஸ்கான்சினில் லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அத்தகைய விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. நண்பரின் ரைஃபிளைச் சும்மா தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே இதைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

2. எந்த நிலம் யாருடையது

விஸ்கான்சினில் பெரும்பகுதி தனியார் நிலம். பொது நிலம் வடக்கே குவிந்திருக்கிறது: ஷெவாமெகன்-நிக்கோலே தேசிய வனம் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர், கவுன்ட்டி (மாவட்ட) வனங்கள் எல்லாம் சேர்த்து சுமார் 24 லட்சம் ஏக்கர். மேடிசன், மில்வாக்கி பக்கம் இருப்பவர்களுக்கு அருகில் கிடைப்பது சின்னச் சின்னத் துண்டுகள்; அங்கேதான் நெரிசலும் அதிகம். இவை தவிர ‘மேனேஜ்டு ஃபாரஸ்ட் லா’ என்ற வரிச்சலுகைத் திட்டத்தில் ‘திறந்தது’ என்று பதிவான தனியார் காடுகள் உண்டு. அவற்றில் உரிமையாளரைக் கேட்காமலே வேட்டையாடலாம். புதியவர்கள் பலருக்கும் தெரியாத இடம் இது, அதனாலேயே கூட்டம் குறைவு.

மற்ற தனியார் நிலம் எதிலும் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. ‘உள்ளே வராதே’ என்ற பலகை இல்லையே என்று வாதம் செய்ய முடியாது. இந்த மாநிலச் சட்டத்துக்குப் பலகை தேவையில்லை. வேறு சில மாநிலங்களில் மரத்தில் ஊதாப் பெயின்ட் அடித்திருந்தாலே தடை என்று அர்த்தம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எல்லையைத் தெரிந்துகொள்ள ஆன்எக்ஸ் மாதிரி ஒரு செயலி, கூடவே கவுன்ட்டியின் நில வரைபடப் புத்தகம். செயலியில் அந்த இடத்தின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும் என்பதால் கோட்டை ஒட்டி உட்காராதீர்கள். எல்லைக் கோட்டின் மேலேயே பரண் போட்டு அடுத்தவர் வயலைப் பார்த்து உட்காருவது சட்டப்படி குற்றமாகாமல் இருக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்து விரோதத்தில் பாதி அந்தப் பரணில்தான் தொடங்குகிறது.

மேற்கே போனால் கதை வேறு. வயோமிங்கில் 1860களில் ரயில்வேக்குக் கொடுத்த நிலத்தால், பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைக் கட்டம் போல மாறி மாறிக் கிடக்கின்றன. ஒரு பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் தாவினால், தனியார் நிலத்துக்கு மேலே உள்ள காற்றில் அத்துமீறியதாகுமா? 2021இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் எல்க் மலைப் பகுதியில் ஒரு ஏணியை வைத்து அப்படித் தாண்டினார்கள். நிலத்தில் கால் படவில்லை. இருந்தும் குற்ற வழக்கு வந்தது, 2022இல் ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் தொடர்ந்த உரிமையியல் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே நின்றது. பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டின் வேலியடைப்புத் தடைச் சட்டம் அதற்குத் துணையாக இருந்தது. அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கன்சாஸ், ஓக்லஹோமா ஆறு மாநிலங்களுக்குத்தான் பொருந்தும். பக்கத்து மொன்டானா அதில் இல்லை. முதல் வருஷமே மூலை தாண்டிப் பார்க்க வேண்டாம் என்பது என் யோசனை.

3. அனுமதி கேட்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஜூலை அல்லது ஆகஸ்டில், பகல் வெளிச்சத்தில், சாதாரண உடையில் போங்கள். சீசனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை உருமறைப்புச் சட்டையோடு நான்கு பேராகப் போய்க் கதவைத் தட்டினால் யார்தான் சரி என்பார்கள்? தனியாகவோ குழந்தையோடோ போவது நல்லது. பால் பண்ணை என்றால் கறவை நேரத்தைத் தவிருங்கள். பெயர், எங்கே வேலை, எந்த ஊரில் வீடு, இது முதல் வருஷம் என்பதையெல்லாம் நீங்களாகவே சொல்லுங்கள். “புதுசு” என்று ஒத்துக்கொள்பவருக்கு இங்கே மரியாதை அதிகம்.

சரி என்று சொல்லிவிட்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்தக் கேட் வழியாகப் போகலாம், எந்தெந்த நாள், பரண் கட்டலாமா, கூட ஆள் வரலாமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: “வேறு யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்?” தனியார் நிலத்தில் வரும் சண்டை பெரும்பாலும் உரிமையாளருக்கும் வேட்டைக்காரருக்கும் நடுவில் வருவதில்லை. அனுமதி பெற்ற இரண்டு பேருக்கு நடுவில் வருகிறது. அவருடைய மைத்துனர் இருபது வருஷமாக மேற்கு மூலையில் உட்காருகிறார் என்றால் அந்த மூலை உங்களுக்கு இல்லை. அந்த மைத்துனரின் எண்ணையும் வாங்கி ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒரு துண்டுக் காகிதமோ குறுஞ்செய்தியோ போதும். உங்கள் நிறத்தையும் பெயரையும் வைத்து “இவன் யார்?” என்று கேட்கக்கூடிய இடங்களில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். நீங்கள் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டால் வழக்குப் போடுவீர்களோ என்று சில உரிமையாளர்கள் தயங்குவார்கள். பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு விஸ்கான்சினில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், காரணம் கேட்காதீர்கள்.

தீபாவளி சீசனுக்குச் சில வாரம் முன்னால் வருவது நமக்குக் கிடைத்த வசதி. ஒரு டப்பா முறுக்கோடு போய் “இன்னும் சரிதானே?” என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம். காரம் குறைத்துச் செய்யுங்கள்.

4. பொது நிலத்தில் இடம் பிடிப்பது

பொது நிலத்தில் இடத்தை முன்பதிவு செய்ய முடியாது. கேமரா மாட்டியிருந்தாலும், பரண் போட்டிருந்தாலும், மூன்று மாதம் நடந்து பார்த்திருந்தாலும் அந்த மரம் உங்களுடையது ஆகாது. முதலில் வந்து உட்கார்ந்தவருக்கே அன்றைய இடம். இது பழக்கம்தான், ஆனால் எல்லோரும் மதிக்கும் பழக்கம். அடுத்தவர் பரணில் ஏறாதீர்கள், காலியாக இருந்தாலும். பரணை இரவில் விட்டுவிட்டு வரலாமா என்பது மாநில நிலம், கவுன்ட்டி வனம், தேசிய வனம் என்று ஒவ்வொன்றுக்கும் மாறும். அந்தந்த விதியைப் பாருங்கள்.

ஆகையால் ஒரு இடத்தை நம்பிப் போகாதீர்கள். குறைந்தது மூன்று இடம் தேர்ந்து வையுங்கள், மூன்றும் வெவ்வேறு வண்டி நிறுத்தத்திலிருந்து போகிறபடி. சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே நடக்கத் தயாராக இருந்தால் பாதித் தகராறு பின்னாலேயே நின்றுவிடும்.

5. முதல் நாள் காலை

நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே நான்கைந்து வண்டி நின்றால் இரண்டாவது இடத்துக்குப் போய்விடுங்கள். வேறு வழியில்லை என்றால், அங்கே நிற்பவரிடம் “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடங்கள். கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள். அந்தப் பாதையில் விவசாயியின் டிராக்டர் வரவேண்டியிருக்கும்.

இடுப்புக்கு மேலே வெளியே தெரியும் உடையில் பாதிக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ இருக்க வேண்டும், தொப்பி போட்டால் தொப்பியிலும். நான் முழுசாகவே போடச் சொல்வேன்.

இருட்டில் தலைவிளக்கோடு நடங்கள். மறைந்து போவதாக நினைத்து விளக்கை அணைக்காதீர்கள். தூரத்தில் யாராவது தங்கள் விளக்கை உங்கள் பக்கம் அசைத்தால், “இங்கே நான் இருக்கிறேன்” என்று பொருள். நீங்களும் ஒருமுறை அசைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கிட்டே போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதுவே அவருடைய காலையைக் கெடுக்கும். எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் உங்களைப் பார்க்கவும் கூடாது, உங்கள் குண்டு போகும் திசையில் அவர் இருக்கவும் கூடாது. ரைஃபிள் என்றால் சில நூறு கஜமாவது வேண்டும்.

உட்கார்ந்த பிறகு யாராவது உங்களை நோக்கி நடந்து வந்தால், கையை ஆட்டாதீர்கள், விசிலடிக்காதீர்கள். அசையாமல் இருந்து, மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள்.

6. நேருக்கு நேர் வாக்குவாதம்

2004 நவம்பர் 21. விஸ்கான்சினின் சாயர் கவுன்ட்டி. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து வந்த ஹ்மாங் இனத்து (தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குடியேறிய மக்கள்) வேட்டைக்காரர் ஒருவர் தனியார் நிலத்தில் இருந்த வேறொருவர் பரணில் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர்கள் வந்து இறங்கச் சொன்னார்கள். வாக்குவாதம் முற்றியது. முடிவில் அந்த வேட்டைக்காரர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள், 2 பேர் காயமடைந்தார்கள். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், முதலில் சுட்டது அவர்கள்தான் என்றார் அவர்; ஜூரி ஏற்கவில்லை, 2005இல் ஆயுள் தண்டனை. 2007 ஜனவரியில் பெஷ்டிகோ அருகே பொது நிலத்தில் அணில் வேட்டைக்குப் போன ஹ்மாங்காரர் ஒருவரை ஒரு வெள்ளையர் கொன்றார், அவரும் தண்டிக்கப்பட்டார். இந்த இரண்டும் வட விஸ்கான்சினில் இன்னும் மறக்கப்படவில்லை. ஆசிய முகத்தோடு காட்டுக்குப் போகிற நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை.

யாராவது கோபமாக வந்தால் முதலில் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிடுங்கள், குழலைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். பரணில் இருந்தால் குண்டில்லாத துப்பாக்கியைக் கயிற்றில் இறக்கிவிட்டுப் பிறகு இறங்குங்கள். செயலியைத் திறந்து நிற்கும் இடத்தைக் காட்டுங்கள், ஒரே ஒருமுறை. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், நீங்கள் சரி என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் நடந்துவிடுங்கள். தன்மானம் கொஞ்சம் வலிக்கும், வலிக்கட்டும். வண்டிக்கு வந்தபின் அவர் வண்டி எண், நேரம், வரைபடத்தில் இடம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். அத்துமீறல் என்றால் கவுன்ட்டி ஷெரிஃப். வேட்டையைக் கெடுப்பது, விதிமீறல் என்றால் மாநில இயற்கை வளத்துறையின் வார்டன், அதாவது வேட்டை விதிகளை அமல்படுத்தும் அதிகாரி. சட்டப்படி வேட்டையாடுபவரைத் தொல்லை செய்வது ஐம்பது மாநிலங்களிலும் குற்றம்.

7. அடிபட்ட மான் வேலி தாண்டினால்

உங்கள் மானே ஆனாலும், ரத்தச் சுவடு கண்ணெதிரே தெரிந்தாலும், அடுத்தவர் நிலத்துக்குள் போக அனுமதி வேண்டும். அவர் மறுத்தால் வார்டனைக் கூப்பிடலாம், ஆனால் வார்டனும் அவரை வற்புறுத்த முடியாது. அதனால் அக்கம்பக்கத்து உரிமையாளர்களின் எண்ணைச் சீசனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். சரி என்றால் துப்பாக்கியை உள்ளே கொண்டுவரலாமா என்றும் கேளுங்கள்.

நீங்கள் சுட்ட மானை இன்னொருவர் முடித்துவிட்டால் யாருக்கு? அமெரிக்கச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பழைய வழக்கு இதற்குப் பக்கத்தில் வரும். நியூயார்க்கில் போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வந்தார். ஆளில்லாத கடற்கரை நிலத்தில் பியர்சன் என்பவர் குறுக்கே வந்து அதைக் கொன்று எடுத்துக்கொண்டார். துரத்துவது மட்டும் போதாது, பிடித்திருக்க வேண்டும் அல்லது தப்ப முடியாதபடி காயப்படுத்தியிருக்க வேண்டும் என்று 1805இல் தீர்ப்பானது, நரி பியர்சனுக்குப் போனது. காட்டில் இன்று பலரும் பின்பற்றும் வழக்கமும் ஏறக்குறைய அதுதான்: முதல் குண்டு எப்படியும் சாகடித்திருக்கும் என்றால் மான் முதலில் சுட்டவருக்கு, காலில் உரசியது என்றால் முடித்தவருக்கு. இரண்டு பேரும் சேர்ந்து காயத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் விட்டுக்கொடுங்கள்.

8. சீசன் முடிந்த பிறகு

சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில இயற்கை வளத்துறையிடம் பதிவு செய்யுங்கள். குடலை நடைபாதையிலோ நிறுத்துமிடத்திலோ விட்டுவிட்டு வராதீர்கள்; நிலத்துக்காரர் அனுமதியைத் திரும்பப் பெற அது ஒன்றே போதும். பரணையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பொட்டலம் மான் சாசேஜோடு உரிமையாளர் வீட்டுக்குப் போய், வசந்தகால வான்கோழி சீசனுக்கும் வரலாமா என்று கேளுங்கள். அதற்கான விண்ணப்பம் டிசம்பர் 10இல் முடிகிறது.